அறைக்காரிக்குத் தமிழ் தெரியும்

அந்த ஹோட்டலில் பதினொரு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்தவளுக்குச் சலவைக்கூடத்துத் தமிழ்க்காரர்கள் வைத்த பெயர் மெயில். தபால் இல்லை, ரயில். ஓர் அறையை இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். பிழைக்க வந்த நாட்டின் பாஷையும் அவளுக்கு அதே வேகத்தில் வந்துவிட்டது. சொந்த பாஷையை மட்டும் மூன்றாம் மாடியில் கால் வைத்ததும் விழுங்கிவிடுவாள்.

காரணம் இருந்தது. தமிழ்க்காரி என்று தெரிந்தால் போதும், "அட, நம்ம பொண்ணா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்தார், ஏன் ஒரே பிள்ளையோடு நிறுத்திவிட்டாய். ஒரு பெரிய மனிதர் அவள் கழிப்பறையைத் தேய்த்து முடிக்கும்வரை வாசலை மறித்து நின்று, அவள் என்ன ஆட்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். பதில் கிடைத்ததும், அவள் தொட்ட தண்ணீர்க் குப்பியை எடுத்துக் குப்பையில் போட்டார். அன்றோடு அவள் தமிழுக்குப் பூட்டுப் போட்டாள்.

முந்நூற்றுப் பதினேழாம் அறைக்கு அந்தத் தம்பதி வந்தது ஒரு திங்கட்கிழமை. பத்து வருடம் கழித்து இருவரும் சேர்ந்து கிளம்பிய உல்லாசப் பயணமாம். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் நாளே, இவள் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கையில், போனை இவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அம்மா, இங்க பாரேன், எங்க ரூம் வேலைக்காரி. மூஞ்சியப் பாரு, வதங்கின கத்திரிக்கா மாதிரி."

திரையில் ஒரு கிழவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"வேலை செய்றவள எதுக்குடி படம் புடிக்கிற? பாவம், விடு."

"அவளுக்கு என்ன புரியவா போகுது?"

இவள் உறையின் முனையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, புரியாதவளுக்கு உரிய சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அந்த அம்மாள் அவளைப் பிழிந்து எடுத்தாள். விரித்த படுக்கையைக் கலைத்துவிட்டு மறுபடி விரிக்கச் சொன்னாள். தன் தலைமுடி ஒன்றைக் குளியலறை மூலையில் போட்டுவைத்து, அது எடுபட்டதா என்று குனிந்து பார்த்தாள். தள்ளுவண்டியின் அடித்தட்டைத் திறந்து, இவள் சாப்பாட்டு டப்பாவை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். விரலை மடக்கி மடக்கி, எத்தனை பிள்ளை என்று சைகையில் கேட்டாள். பதில் வராததால் இவள் சட்டைக் கழுத்தை ஒரு விரலால் விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். வேலை நேரத்தில் நகை போடக்கூடாது என்பது ஹோட்டல் சட்டம்.

"கழுத்துல ஒண்ணும் இல்லைங்க. எவன்கூடயாவது ஓடி வந்தவளா இருக்கும்," என்று கணவரிடம் சொன்னாள்.

அவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இருக்கும், இருக்கும்."

வியாழக்கிழமை காலை அந்த அம்மாள் கீழே சாப்பிடப் போயிருந்தாள். குளியலறையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பால்கனியில் கணவர் பேசுவது பளிச்சென்று கேட்டது. பக்கத்தில் ஆள் இருப்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கணக்கில் அவள் ஆளே இல்லை.

"எப்ப மச்சான்? விடியக்காலமா? சரி, சரி, அழாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. உங்க அக்காகிட்ட இப்ப சொல்ல வேண்டாம். இங்க அவ ஒப்பாரி வச்சா நான் ஒத்தை ஆளா என்ன பண்ணுவேன்? நாளைக்குக் காலையில எடுத்திடுங்க. ஊருக்கு வந்ததும் பக்குவமா நான் சொல்லிக்கிறேன். அவளோட போனா? அத நான் எடுத்து ஒளிச்சு வச்சுக்கிறேன்."

இவள் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. மூக்கில் குழாயோடு தனக்காகப் பேசிய முகம் கண்ணுக்குள் வந்தது. வெளியே வந்தபோது, அந்த அம்மாளின் போன் கணவரின் பெட்டிக்குள், சுருட்டிய காலுறைகளுக்கு அடியில் போவதைப் பார்த்தாள். நமக்கெதுக்கு வம்பு என்று அடுத்த கதவைத் தட்டப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாள் நீச்சல் குளத்தில் இருந்தாள். டவல் வேண்டும் என்று மேலே ஆள் விட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தவளைக் கரையிலேயே நிற்கவைத்து, இன்னொன்று, இன்னும் பெரியதாக ஒன்று என்று மூன்று தடவை ஏறி இறங்க வைத்தாள். மூன்றாம் தடவை படியேறும்போது இவள் கடிகாரத்தைப் பார்த்து ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டாள். இந்நேரம் எடுத்திருப்பார்கள்.

குளித்துவிட்டு வந்த அம்மாளுக்குப் போன் ஞாபகம் வந்தது. முந்தின நாளே தேடிச் சலித்திருந்தாள். "நீதான் எங்கயாவது வச்சிருப்ப" என்று கணவர் மழுப்பியிருந்தார். இன்றைக்கு அவள் மேனேஜரையே அறைக்கு இழுத்துவந்துவிட்டாள். திருடியது வேலைக்காரிதான், வேறு யார் உள்ளே வந்தார்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கத்தினாள்.

மேனேஜர் சின்ன வயதுக்காரி. பதினொரு வருடமாக ஒரு புகாரும் இல்லாதவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பையெல்லாம் காலி பண்ணு," என்று அந்த நாட்டுப் பாஷையில் சொன்னாள். தைலப்புட்டி, ஊக்கு, பாதி பிஸ்கட் பொட்டலம் மேசைக்கு வந்தன. ஷூவைக் கழற்றச் சொன்னாள். கழற்றினாள். பெருவிரல் காலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அந்த அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

கணவர் கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார். "இதுங்கள நம்பக்கூடாது. இடுப்புல சொருகி வச்சிருப்பா. நல்லா தேடச் சொல்லு," என்று மனைவியிடம் தமிழில் சொன்னார்.

அப்போதுதான் இவள் வாய் திறந்தாள்.

"போன் உங்க வீட்டுக்காரர் பெட்டியில இருக்கு. காலுறைக்கு அடியில."

அந்த அம்மாளின் வாய் பிளந்தது. "உனக்குத் தமிழ் தெரியுமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழி நீங்க அது போதும், இவளுக்கும் அது தெரியும். ஆனால் வாயில் ருசி தட்டிவிட்டது.

"உங்க அம்மா நேத்து விடியக்காலம் போய்ட்டாங்க. இன்னைக்குக் காலையில எடுத்தாச்சு. எடுக்கிற நேரத்துல நீங்க நீச்சல் குளத்துல இருந்தீங்க. மூணாவது டவல் கொண்டாந்து குடுத்தேன்ல, அப்ப."

அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பாதி உருவிய விரிப்பின் மேல் தொப்பென்று உட்கார்ந்து, இவள் ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவ நீ போன்ல பாத்தல்ல? பாத்தல்ல? நல்லாத்தான இருந்தாங்க? சொல்லு தாயி, நல்லாத்தான இருந்தாங்க?"

இவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, தைலப்புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவின் கடைசிவரை அந்த அழுகை துரத்தியது. இவள் முந்நூற்றுப் பதினெட்டைத் தட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் தன் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முன்பு ஹோட்டல் சமையலறையில் இருந்தவர், முதுகு போனதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். முழுவதையும் கேட்டார்.

"சொன்னது சரிதான். அந்த ஆள் செஞ்சது பெரிய அக்கிரமம். ஆனா நீச்சல் குளத்தை ஏன் சொன்ன?"

"சும்மா, வாயில வந்துச்சு."

"சும்மாவா?"

"இல்ல. சொல்லும்போது நல்லா இருந்துச்சு. போதுமா?"

அவள் மோர் ஊற்றினாள், அவர் சாப்பிட்டார்.

ஹோட்டலில் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன் பெட்டியில்தான் கிடைத்தது, ஆனாலும் அந்தக் கணவர் ஊருக்குப் புறப்படும் முன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்: பணிப்பெண் ஒட்டுக்கேட்கிறாள், விருந்தினரின் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிறாள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, மொழி தெரிந்திருந்தும் மறைத்தது ஏமாற்று வேலை என்றாள். மாடி வேலை போயிற்று. சலவைக்கூடத்தில் ஈரத்துணி பிழியும் இயந்திரத்தின் பக்கத்தில் போட்டார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். இன்னொன்றுதான் கொடுமை. அலுவலகக் குறிப்பில் அவள் பெயருக்கு எதிரே தமிழ் என்று ஏறிவிட்டது. தமிழ்க்காரர்கள் யார் வந்து எகிறினாலும், சமாதானம் பேச அவளைத்தான் மேலே கூப்பிடுகிறார்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் நிற்கிறாள். "அட, நம்ம பொண்ணா?" என்று ஆரம்பிக்கிறார்கள். எந்த ஊர், என்ன ஆட்கள், எத்தனை பிள்ளை. கேட்டதற்கெல்லாம் கைகட்டிப் பதில் சொல்கிறாள், ஒன்றும் உண்மை இல்லை. ஒருத்தியிடம் பிள்ளை இரண்டு என்பாள், அடுத்தவளிடம் நாலு என்பாள். போன வாரம் வந்தவரிடம், பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன வைத்தியத்தையெல்லாம் நின்று கேட்டுவிட்டு வந்தாள்.