மாவு தர மறுத்த பரமேஸ்வரி ஆன்ட்டி

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் போனில் செய்தி வந்தது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், “மாவு ஆன்ட்டி பரமேஸ்வரி நேற்றிரவு மாரடைப்பில் காலமானார்” என்று யாரோ போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயே இன்னொருவர், “அப்போ இன்னைக்கு மாவு வராதா?” என்று கேட்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதை முதலில் நினைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

தில்லி லோதி ரோடு பக்கத்து எங்கள் அரசுக் குடியிருப்பில் ஆன்ட்டியை அறியாத தமிழ் வீடு இல்லை. காலை பதினொரு மணிக்கு இட்லி மாவோடு வந்து மணி அடிப்பார். பள்ளி நாளில் ஒரு பெண்பிள்ளை கதவைத் திறந்தால், “ஸ்கூல் இல்லையா உனக்கு?” என்பார். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சுடவில்லை என்றால் அந்த வீட்டுக்கு மாவு கிடையாது.

மூன்றாம் மாடி கவிதா அக்கா ஒன்பதாவதில் பள்ளியை விட்டு நின்றபோது அவர் அம்மா படியில் நின்று ஆன்ட்டியிடம் கத்தினார்.

“காசு கொடுத்துத்தானே வாங்குறேன்? ஒரு கிலோ மாவுக்கு இவ்ளோ நக்ரா, இவ்ளோ பிகுவா?”

“காசை நீங்களே வச்சுக்கோங்க. ஐ.என்.ஏ. மார்க்கெட்ல பாக்கெட் மாவு இருக்கும். புளிச்சுப் போயிருக்கும், வாங்கி ஊத்துங்க.”

அடுத்த வாரம் கவிதா அக்கா பள்ளிக்குப் போனார். மாவுக்காகவா, எல்லோரும் கேட்டுவிட்ட வெட்கத்தாலா, தெரியாது.

“எட்டு வரைக்கும் ஸ்கூலே தள்ளிக்கிட்டுப் போயிரும். ஒம்பதுலதான் பொண்ணுங்க காணாமப் போறாங்க” என்பார் ஆன்ட்டி. எங்கள் ஒன்பதாம் வகுப்பிலும் அப்படித்தான். இப்போது காலியான இடங்களில் ஒன்று என்னுடையது.

அரையாண்டுத் தேர்வில் நான் கணக்கிலும் சயின்ஸிலும் பெயில். அப்பா திட்டவில்லை; அதுதான் பயமாக இருக்கிறது. “ஓபன் ஸ்கூல்ல போட்டுடலாம்மா. வீட்டுல இருந்தே படி. அம்மா வேலைக்குப் போனா தம்பியையும் பாத்துக்கலாம்” என்று அன்பாகத்தான் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் அம்மா என்னைக் குளியலறைக்குள் தள்ளினாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பெரியவ எங்க?”

“ஸ்கூலுக்குப் போயிருக்கா.”

ஆன்ட்டி “அச்சா” என்று மாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நம்பிவிட்டாரா? நம்பாமலே கொடுத்தாரா?

துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மகள் செல்வி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கவிதா அக்கா அழுதார்.

“உங்கம்மா இல்லேன்னா நான் பத்தாவது முடிச்சிருக்க மாட்டேன்கா.”

“எல்லார் வீட்டுப் பொண்ணையும் கேட்டாங்க” என்றார் செல்வி அக்கா. “நான் ஒம்பதுல நின்னு கிரைண்டர்கிட்ட உக்காந்தப்போ ஒரு வார்த்தை கேக்கலை.”

தன் மகளிடம் கேட்க முடியாததால்தான் எங்களிடம் கேட்டாரா? அடுத்த வீட்டில் கேட்பது சுலபம் என்பதாலா? அவரோடு பழகியவர்களே, உங்களுக்காவது புரிகிறதா?

அப்பா பார்த்தால் இந்தத் தாளைக் கிழித்துவிடுவார். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். ஆன்ட்டியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது “ஸ்கூல் இல்லையா உனக்கு?” என்ற அவருடைய அந்த ஒரு கேள்வியைத்தான். திங்கட்கிழமையிலிருந்து செல்வி அக்கா மாவு கொண்டுவரப் போகிறாராம். மணி அடித்ததும் அம்மாவுக்கு முன்னால் ஓடி நானே கதவைத் திறப்பேன். அவர் கேட்பாரா என்று தெரியவில்லை. கேட்காமல் மாவை நீட்டினால், நான் வாங்க மாட்டேன்.