மூடி மாறின எண்ணெய்

எங்க ஆராய்ச்சிக்கூடத்துல எலிகளைப் பார்த்துக்கிற அக்காவுக்கு ஒரு இடத்துல கால் தரிக்காது. இருபது வருஷமா அப்படித்தான். கூண்டு கூண்டா நடப்பாங்க, தண்ணிப் புட்டியைத் தட்டிப் பார்ப்பாங்க, எலிக் காதுல தான் வெட்டுன அடையாளத்தைச் சரிபார்ப்பாங்க. "மனுஷன் மூஞ்சியை மறந்தாலும் மறப்பேன், காதை மறக்க மாட்டேன்"ம்பாங்க. நாங்க வச்ச பேரு எலியக்கா.

அந்தத் தடவை எங்க கூடத்தை நடத்துற டாக்டரம்மா வச்ச சோதனை இதுதான். தூக்க மருந்தை உடைக்கிற ஈரல் என்சைம் ஆண் எலிக்கு அதிகம், அதனால சீக்கிரம் முழிச்சுக்கும். பொட்டை எலி ரொம்ப நேரம் தூங்கும். பொட்டைக்கு ஆண் ஹார்மோன் ஏத்துனா? ஒரு கூண்டுக்கு ஹார்மோன் கலந்த எண்ணெய், இன்னொன்னுக்கு வெறும் எண்ணெய். மூணு வாரம் ஊசி போட்டது நான்.

கடைசியில தூக்க மருந்து கொடுத்துப் பார்த்தா எல்லாம் தலைகீழ். வெறும் எண்ணெய்க் கூண்டு சட்டுனு எழுந்து ஓடுது. ஹார்மோன் கூண்டு அசையவே இல்ல.

டாக்டரம்மாவுக்கு வந்துதே கோவம்! "கூண்டை மாத்தி வச்சிருக்கீங்க. கண்ணு தெரியலன்னா வீட்டுல இருங்க. வெள்ளிக்கிழமை கூண்டறைச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

கூண்டு மாறலைன்னு அக்கா ஒவ்வொரு எலியாத் தூக்கிக் காது அடையாளத்தைக் காட்டுனாங்க. யாரு பார்த்தா? வீட்டுல புருஷன் படுத்த படுக்கை. இந்த வேலை போனா அவ்வளவுதான்.

ரெண்டு எண்ணெயும் ஒரே மாதிரி பழுப்புப் புட்டியில. பேரை மூடியில எழுதுனவ நான். "புட்டியில எழுதுடி, மூடிக்குக் கால் முளைக்கும்"னு அக்கா அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. முதல் நாளே ரெண்டு மூடியையும் ஒண்ணாக் கழட்டி வச்சு மாத்தி மூடுனது இப்பத்தான் உறைச்சுது. உடனே சொல்லியிருக்கணும். பாவி, வாயைத் திறக்கலையே! எனக்கும் நாப்பது தாண்டியாச்சு, எனக்கு யாரு வேலை கொடுப்பா? உட்கார முடியல, நிக்க முடியல. மூணு நாள் சோறு இறங்கல.

வெள்ளிக்கிழமை அக்கா வந்து சாவியை மேசையில வச்சாங்க. கூண்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாங்க. அதுக்கு மேல என்னால முடியல.

"டாக்டரம்மா, மூடியை மாத்திப் போட்டது நான். புட்டியைச் சோதிச்சுப் பாருங்க."

டாக்டரம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு சாவியை அக்கா பக்கம் தள்ளுனாங்க.

அக்கா அதை எடுத்து இடுப்புல செருகுனாங்க. என் பக்கத்துல வந்து நின்னாங்க.

"மூணு நாளா இந்த வாய் எங்கடி போயிருந்துச்சு?"

எலிகளுக்குத் தண்ணி வைக்கப் போயிட்டாங்க.