வெட்டிய கேபிளும் நான் சொன்ன பெயரும்

காலை ஏழரை மணிக்கு வில்லியனூர் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்தார். "மேடம், பிளாக் போயிடுச்சி. கேட் போனும் டெட். பாசஞ்சர் நிக்குது."

நான் அப்போது அந்த செக்ஷனில் சிக்னல் இன்ஜினியர். அடுத்த ஸ்டேஷனிடம் அனுமதி வாங்கி வண்டி விடும் கருவிதான் பிளாக். அதுவும் கேட் போனும் ஒரே நேரத்தில் செத்தால் ஓஎஃப்சி போயிருக்கிறது என்று அர்த்தம். ஓஎஃப்சி என்பது கண்ணாடி இழைக் கேபிள். இரண்டு ஸ்டேஷன்களும் நடுவில் சாலை குறுக்கிடும் ரயில்வே கேட்டும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அது இல்லையென்றால் ரயில் கவிழாது. டிரைவர் கையில் சீட்டு எழுதிக்கொடுத்து ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். எல்லாம் தாமதமாகும், எல்லோரும் நம்மைத் திட்டுவார்கள்.

நானும் டெக்னீஷியன் முருகையனும் டிராக் ஓரமாக நடந்தோம். முருகையனுக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம், பேச்சு குறைவு. சிறுபாலம் ஒன்றின் பக்கத்தில் மழை மண்ணை அரித்துக் கேபிள் வெளியே தெரிந்தது. அங்கே வெட்டியிருந்தார்கள். சுமார் முப்பதடி தள்ளி இன்னொரு வெட்டு. நடுத்துண்டு அப்படியே கிடந்தது.

கண்ட்ரோலுக்குப் போன் செய்தேன். "ரெண்டு இடத்துல வெட்டியிருக்காங்க சார். எதையும் எடுத்துட்டுப் போகல. வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு. நாசவேலைதான்."

வெட்டிய முனையை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்துகொண்டு, "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார். எனக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்தது. கேட்டை மூடிவிட்டு சுரங்கப்பாதை போடுவது பற்றி முந்தைய வாரம் ஊர்க்காரர்களோடு ஒரு கூட்டம் நடந்தது. அதில் லூர்துசாமி என்ற விவசாயி எழுந்து, "கேட்ட மூடுங்க, அப்புறம் ரயிலு எப்படி ஓடுதுன்னு பாக்குறேன்" என்றார். அவர் வீடு டிராக்குக்கு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கேட்டதை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன் என்று அன்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

பதினோரு மணிக்கு அவரை வயலிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் ஜாயிண்ட் போட உட்கார்ந்தோம். அப்போது ஒரு பெண்மணி டிராக் ஓரமாக வேகமாக வந்தார். லூர்துசாமியின் மனைவி. பெயர் மரியபுஷ்பம் என்று பிறகு தெரிந்தது. முழங்கால்வரை சேறு.

"இங்க யாரு ஆபீசரு?"

"நான்தாம்மா."

"எங்க வூட்டுக்காரர இன்னாத்துக்கு இட்டுனு போனாங்க?"

விசாரணைக்குத்தான் என்றேன்.

"அந்தாளு பேசுவாரும்மா. எல்லாரையும் பேசுவாரு. ஃபாதரயே பேசுவாரு. வெட்டமாட்டாரு."

அழவில்லை. சொல்லிவிட்டு அங்கேயே ஜல்லிமேல் உட்கார்ந்துகொண்டார். நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய முனையை அறுத்துப் போடுவதற்கு முன் முருகையன் அதை என்னிடம் நீட்டினார். "இத்தப் பாருங்க மேடம்."

நடுத்துண்டின் ஒரு முனையில் விரல் நீளத்துக்கு மேலுறையைக் கீறிப் பிரித்திருந்தார்கள். உள்ளே இருந்த கலர் கலரான இழைகளைத் தனித்தனியாக இழுத்து விட்டிருந்தார்கள். நுனி தீயில் கருகி உருண்டிருந்தது. கீழே ஐந்தாறு தீக்குச்சிகள்.

வந்தவன் செம்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். பிளாஸ்டிக் உருகியது, உள்ளே கண்ணாடி. விட்டுவிட்டுப் போய்விட்டான். சற்றுத் தள்ளிப் போய்ப் பார்த்தேன். செம்புக் கேபிள் புதைத்த இடத்தில் மண்ணைத் தோண்டியிருந்தான். மேலே மூடிய கான்கிரீட் பலகையைத் தூக்க முடியாமல் அதையும் விட்டிருக்கிறான். ரயிலை நிறுத்த வந்தவனுக்கு ஒரு வெட்டு போதும். இரண்டு வெட்டு, நடுத்துண்டைச் சுருட்டி எடுத்துப்போக. காலையில் நாசவேலைக்கு ஆதாரமாக நான் சொன்னதே திருட்டுக்கு ஆதாரம். பத்தடி தூரத்தில் இருந்த சிக்னல் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"ரிப்போர்ட் மேல போயாச்சும்மா. இப்ப திருட்டுன்னு மாத்துனா நம்மள முட்டாள்னு நெனப்பாங்க."

"நம்மள இல்ல சார், என்னை."

"எழுதித் தொலை" என்றார்.

ஜாயிண்ட் முடிந்ததும் அந்தத் துண்டைச் சாக்கில் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மரியபுஷ்பமும் கூட வந்தார். இன்ஸ்பெக்டர் என்னை நம்பவில்லை. தானே ஒரு இழையை லைட்டரில் கொளுத்திப் பார்த்தார். அதே மாதிரி கருகி உருண்டது. நாற்றத்தில் முகத்தைச் சுளித்தார். "காலையில வேற சொன்னீங்களே?"

"பாக்காம சொன்னேன் சார்."

அதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

நாலு மணிக்கு லூர்துசாமி வெளியே வந்தார். மனைவி அவருடைய சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார். நான் போய் எதிரே நின்றேன்.

"உங்க பேரச் சொன்னது நான்தான். தப்புங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டத்துல நான் பேசுனது நெசந்தான். கேட்ட மூடக்கூடாது. அத்தயும் எழுதிக்கோ."

எங்கள் ஜீப்பில் வீட்டில் விடுகிறேன் என்றேன். "இன்னிக்கு ஒரு தபா ஏறுனது போதும்" என்று சொல்லி இருவரும் நடந்து போனார்கள்.

திருடன் இன்றுவரை அகப்படவில்லை. ஒரே நாளில் இரண்டு விதமாக எழுதியதற்கு எனக்கு மெமோ வந்தது. முதலில் எழுதியது தவறு, இரண்டாவது சரி என்று பதில் கொடுத்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஃபெயிலியர் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். கண்ட்ரோலில் அவசரப்படுத்துவார்கள். வெட்டிய முனையைக் கையில் எடுத்துப் பார்க்கும்வரை அதைக் காலியாக விடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் உங்களுக்குத் திட்டு விழும், அவ்வளவுதான். யாரையும் வயலிலிருந்து ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள்.