கதைக்காரர் இறந்த பிறகு வந்த மூன்று இதழ்கள்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் இருந்தேன். யார்டில் வண்டிகளைத் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. எங்கள் லைனில் எழுத்துக் கூட்டாமல் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து தொடர்கதை படித்துக் காட்டுவதும் என் வேலையாகிவிட்டது.

பத்திரிகை வாரப் பத்திரிகை. மதராஸிலிருந்து கப்பலில் வரும். கடைக்காரர் பேருக்கு வரும். கேட்க பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். சவரம் பாதியில் நிற்கும். நுரை காய்ந்துபோகும்.

கதை எழுதியவரின் பேர் எல்லாருக்கும் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. படம் போட விடமாட்டார். கூட்டத்துக்குப் போகமாட்டார். தனியாக ஒரு வீட்டில் இருக்கிறார், கதவைத் தட்டினால் திறக்கமாட்டார் என்று பத்திரிகையிலேயே எழுதியிருந்தது.

அந்தத் தடவை கதை இப்படிப் போனது. ஒருவன் பெண்டாட்டியை விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போகிறான். ஒன்பது வருஷம் கடுதாசி இல்லை. பிறகு திரும்பி வருகிறான். அவள் சேர்ப்பாளா, மாட்டாளா என்பதுதான் கதை.

எங்களோடு ஒரு லாம்புக்காரர் இருந்தார். சிக்னல் கம்பத்தில் ஏறி விளக்குத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் ஊரில் பெண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் விட்டுவிட்டு வந்தவர். முதல் இரண்டு வருஷம் கடுதாசி போட்டார். பிறகு கள்ளுக்கடைப் பழக்கம். பழக்கத்தை விட்ட பிறகு எழுத வெட்கம். அப்படியே பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

கதை வர ஆரம்பித்த பிறகு அவர் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். எழுதியது நான்தான். இரண்டு மாதம் கிடைத்தது.

"ஏண்ணே, ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"கதை முடியட்டும்" என்றார். "அவ சேத்துக்கிட்டா நானும் கப்பல் ஏறுறேன்."

கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "கதையில உள்ளவ சேத்தா உம் பொண்டாட்டியும் சேப்பாளா? நல்ல கணக்குடா உன்னுது" என்றார்.

"கதை எழுதுற அந்தாளுக்குப் பொம்பள மனசு தெரியுது. எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

அதற்கப்புறம் யாரும் கேலி செய்யவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இங்கே அச்சாகும் தினசரியில் நாலு வரி வந்தது. தந்திச் செய்தி. கதைக்காரர் இறந்துவிட்டார். கடையில் நான்தான் படித்தேன். மறுபடி படி என்றார்கள். படித்தேன். கடைக்காரர் கதவுப் பலகையில் பாதியை எடுத்துச் சாத்தினார். மாலை வாங்கிவர ஆள் போனான். மாலை வந்த பிறகுதான் எதற்குப் போடுவது என்று தெரியவில்லை. படம் இல்லையே. கடைசியில் சவர நாற்காலியில் பழைய இதழை நிறுத்தி அதற்குப் போட்டோம். முடிவெட்ட வந்த சைனாக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

லாம்புக்காரர் வாசலிலேயே நின்றார். "அப்ப அவ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு புது இதழ் வந்தது. உள்ளே கதை இருந்தது. எப்போதும் போல முழுசாக இருந்தது. நான் படிக்கப் படிக்க எல்லார் முகமும் மாறியது.

"மாலையக் கழட்டுங்கடா" என்றார் கடைக்காரர். "ஆளு எழுதிக்கிட்டு இருக்காரு. தினசரிக்காரன் யாரைப் பாத்து எழுதினானோ. அவரு முகத்தப் பாத்தவன் யாரு, செத்தது அவருதான்னு சொல்ல?"

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. தந்தி ஒரு நாளில் வரும், இதழ் கப்பலில் வரப் பல நாள் ஆகும் என்று தினமும் ரயிலோடு கிடக்கிற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்தோம் போலிருக்கிறது.

அடுத்த வாரமும் கதை வந்தது. லாம்புக்காரர் என்னிடம் வந்து கடுதாசி எழுதச் சொன்னார். கதைக்காரருக்கு.

"ஐயா, கதை நீங்க முடிக்கிறப்ப முடிங்க. அவ சேப்பாளா மாட்டாளான்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன். இவ்வளவுதான் தம்பி, எழுதிரு."

எழுதிப் பத்திரிகை விலாசத்துக்குப் போட்டேன்.

மூன்றாவது இதழ் கறுப்புக் கோடு போட்டு வந்தது. அதில் அரைப் பக்கம்தான் கதை. ரங்கூன்காரன் தன் வீட்டு வேலிப்படலில் கை வைக்கிறான். உள்ளே மாவரைக்கும் சத்தம் நிற்கிறது. அதோடு சரி. கீழே சின்ன எழுத்தில், ஆசிரியர் எங்களுக்கு அனுப்பியது இவ்வளவே, அவர் வீட்டில் தேடியும் மேற்கொண்டு எழுத்து எதுவும் கிடைக்கவில்லை என்று இருந்தது.

நான் படித்து நிறுத்தினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் இதழை வாங்கி, எழுத்துத் தெரியாதவர், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

லாம்புக்காரரின் லீவு தொடங்க ஒரு வாரம் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வேலை இல்லாத ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் வெளியே வருகிறாள், பார்க்கிறாள், 'வாங்க, சாப்பிடுங்க' என்கிறாள். அதை இதழுக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிறு கடையில், பின்னால் வந்த ஒட்டுத்தாள் என்று சொல்லிப் படித்தேன்.

லாம்புக்காரர் தலையைக் குனிந்து கடைசி வரை கேட்டார்.

"இது அவரு எழுதினது இல்ல தம்பி."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"ஒன்பது வருஷம் கழிச்சு வர்றவன் கைகால் கழுவ ஒரு செம்புத் தண்ணிகூட வைக்காம சாப்பிடக் கூப்பிடுவாளா? அவரு எழுதியிருந்தா தண்ணி வச்சிருப்பாரு. இல்லன்னா கதவைச் சாத்தியிருப்பாரு." பிறகு, "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. கோபம் இல்ல" என்றார்.

எனக்குத் தாளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கப்பல் நாளில் என்னையும் துறைமுகத்துக்கு வரச் சொன்னார். எனக்கு ஓய்வு நாள். கிள்ளான் வண்டியில் போனோம். துணிமூட்டை கொண்டுவந்திருந்தார். அதனால் போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போகவில்லை. இறங்குகிறவர்கள் வரும் வழியில் போய் நின்றார். குடை வைத்திருந்த, படித்தவர் போலத் தெரிந்த ஒருவரை நிறுத்தி, கதைக்காரர் பேரைச் சொன்னார்.

"அவரா? இறந்துட்டாரே" என்றார் அவர்.

"அது தெரியுங்க. ரங்கூன்காரன் கதை. முடிவு என்னன்னு ஊர்ல யாராச்சும் பேசிக்கிறாங்களா?"

"நான் கதையெல்லாம் படிக்கிறதில்லைப்பா."

இன்னும் நாலைந்து பேரைக் கேட்டார். ஒரு கிழவர், "நாங்களே பொழைக்க வந்திருக்கோம், எங்ககிட்ட கதை கேக்குறியே" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு அம்மாள் பைத்தியம் என்று நினைத்துப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

ஊருக்குப் போகிறவர்கள் ஏற ஆரம்பித்தார்கள்.

"ஏறிடுங்கண்ணே" என்றேன். "போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

"படலத் தொட்டபிறகு சத்தம் நிக்கும்டா. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் நான் எங்க பாக்குறது, கைய எங்க வைக்கிறது, சொல்லு."

நான் மூன்றாம் வகுப்புப் படித்தவன். கல்யாணம்கூட ஆகாதவன்.

கப்பல் போன பிறகு இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன், அவர் கொடுத்தார். மறுநாள் ஆபீஸுக்குப் போய் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டார்.