பேனாட் மொழிபெயர்த்த தீவு

மன்னார் வங்காலையில் பிறந்த பேனாட், எண்பத்துநாலில் கிழக்கு பெர்லினில் விமானம் விட்டிறங்கி, நகர ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தவர். ஹனோவரில் ஒரு ஹோட்டல் குசினியில் ஆறு வருடம் கோப்பை கழுவினார். தலைமைச் சமையல்காரன் திட்டத் திட்ட ஜெர்மன் அவருக்குள் ஏறியது. மாலை வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் எழுதினார். தொண்ணூறில், அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். குசினியை விட்டுவிட்டுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். ஹனோவரில் இருந்த ஊர்ச்சனம் அவரைப் பார்த்தால் இரண்டு கை தூக்கி வணக்கம் சொல்லத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

தொண்ணூற்றைந்து தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிளோறன்ஸ் வீட்டுக்கு வந்தாள். ஊர்காவற்துறைக்காரி; ஹைம் என்கிற அகதி விடுதியில் இருந்தாள். மூன்று மாதத்துக்கு முந்தி அவளுடைய விசாரணைக்கு மொழிபெயர்த்தவர் பேனாட்தான். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியை வாசலில் தட்டிவிட்டு, மஞ்சள் உறை ஒன்றை நீட்டினாள்.

"அண்ணை, என்ரை கேஸுக்கு முடிவு, பெஷைட் வந்திட்டுது. ஹைமிலை ஒருத்தருக்கும் வடிவா விளங்கேல்லை. ஓமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

முதல் பக்கத்திலேயே 'நிராகரிக்கப்படுகிறது' என்று இருந்தது. அது அவருக்குப் புதிதல்ல. அந்த வருடங்களில் பத்துக் கடிதம் வந்தால் எட்டு அப்படித்தான். காரணம் பார்க்க மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார்.

விண்ணப்பதாரி 1990இல் தீவை விட்டு வெளியேறியதாகவும், 1993இல் கடலைக் கடந்ததாகவும் கூறுகிறார். ஆனால் அதன் பின்னர் கொழும்பில் ஒரு மாதம் தங்கியிருந்ததாகவும் கூறுகிறார். தீவை விட்டுப் போனவர் எப்போது, எப்படித் திரும்பி வந்தார் என்பதற்கு விளக்கமில்லை. ஆகவே கணவர் கைது செய்யப்பட்டது உட்பட, அவர் கூறியவை நம்பத்தக்கவை அல்ல.

தீவு! யாழ்ப்பாணத்தில் 'தீவு' என்றால் எது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு எல்லாம் சேர்ந்த தீவுப்பகுதி; ஊர்காவற்துறையும் அங்கேதான். தொண்ணூறில் ஆமி வந்திறங்கியபோது பிளோறன்ஸ் யாழ்ப்பாணத்துக்கு விட்டு வந்தது அந்தத் தீவை. தொண்ணூற்றுமூன்றில் அவள் கடந்தது கிளாலிக் கடலை. ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த காலம் அது. குடாநாட்டிலிருந்து வன்னிப் பெருநிலத்துக்குப் போகச் சனத்துக்கு வேறு வழியில்லை. அது கடல்கூட இல்லை, நிலத்துக்குள் கிடக்கும் களப்பு. அங்கிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து கொழும்பு. அவள் ஒரு நாளும் இலங்கையை விட்டு வெளியே போகவில்லை.

பேனாட் அதை 'தீவு' என்றே ஜெர்மனில் சொல்லியிருந்தார். அகராதிப்படி பிழையில்லை; அதிகாரிக்கோ தீவு என்றால் இலங்கை. அதிகாரி புருவத்தைச் சுருக்கியதையும் கண்டவர்தான். முன்பொரு தடவை விளக்கம் சொல்லப் போய், "நீங்கள் கேட்டதை மட்டும் சொல்லுங்கள்" என்று அதே அதிகாரியிடம் வாங்கிக் கட்டியிருந்தார். அன்றைக்கு மூன்றே முக்கால் ரயிலையும் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, "தீவை விட்டு வெளிக்கிட்டன்" என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். பிளோறன்ஸ் தன் தீவைத்தான் கேட்டாள். ஓம் என்று தலையாட்டிக் கையெழுத்து வைத்தாள்.

"மறுத்துப்போட்டினம் பிள்ளை. வழக்குப் போடலாம். ரெண்டு கிழமைதான் தவணை" என்றார் பேனாட்.

"என்னத்துக்கு மறுத்தவையாம்?"

"அது... வழக்கறிஞருக்குத்தான் வடிவா விளங்கும்."

அவள் தேத்தண்ணியை முழுக்கக் குடிக்காமலே போனாள். கதவைச் சாத்தியதும் பேனாட் மனைவி லூர்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். லூர்தம்மா கோப்பைகளை அடுக்கினாள்.

"நீங்கள் சொல்லாட்டி ஆருக்கும் தெரியவராது" என்றாள். "சொன்னால் அங்கை இனி உங்களைக் கூப்பிடுவினமே? திரும்பக் குசினிக்குப் போப்போறியளோ?"

"அந்தப் பிள்ளை பொய் சொன்னதெண்டு எழுதியிருக்கு லூர்து."

"நான் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சொன்னால் என்ன வரும் எண்டுதான் சொன்னனான்."

மறுநாள் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு ஹைமுக்குப் போனார். மூன்று பெண்கள் இருக்கும் அறை. பிளோறன்ஸ் கட்டிலில் இருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. ரயிலைப் பற்றியும் சொன்னார்.

அவள் அழவில்லை. "நீங்கள் வாசிச்சுக் காட்டேக்கை நானும் ஓம் எண்டனான்" என்றாள். பிறகு குரல் மாறியது. "என்ரை மனுசனைப் பிடிச்சுக்கொண்டு போனதே பொய்யெண்டு எழுதியிருக்கினமெண்டு ஏன் அண்ணை நேற்றுச் சொல்லேல்லை? பொய்க்காரி எண்ட பேரோடை ஒரு ராத்திரி இருந்திட்டன்."



திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வழக்கறிஞரிடம் போனார். தன் கவலையீனத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டார். வழக்கறிஞர் படம் ஒன்றும் வேண்டும் என்றார். பேனாட் வீட்டு மேசையில் இருந்து இலங்கையை வரைந்தார். தன் ஊர்ப்பக்கம் கைபோன போக்கில் வந்தது. யாழ்ப்பாணத்துத் தீவுகளின் வடிவம்தான் வரவில்லை. மூன்று தாள் கிழிந்த பிறகு நூலகத்திலிருந்து பெரிய வரைபடம் ஒன்று எடுத்து வந்து பார்த்துப் பார்த்துப் போட்டார். தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தைச் சிவப்பிலும் கிளாலிப் படகுப் பாதையை நீலத்திலும் கீறினார்.

வாக்குமூலம் அனுப்பிய மாதமே அலுவலகத்திலிருந்து கூப்பிடுவது நின்றது. கடிதம் ஒன்றும் வரவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை, அவ்வளவுதான். வைகாசியில் பேனாட் வேறொரு ஹோட்டலில் கோப்பை கழுவச் சேர்ந்தார். கழுத்துப்பட்டியோடு பார்த்தவர்கள் சிலர் பூசைக்கு வரும்போது பார்வையைத் திருப்பினார்கள். "ஆற்றையோ அகதி விண்ணப்பத்தைக் கெடுத்துப்போட்டாராம்" என்று கதை பரவியிருந்தது.

வழக்கு தொண்ணூற்றாறு ஐப்பசியில்தான் விசாரணைக்கு எடுபட்டது. நீதிபதி ஒரு பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்த நாட்டுக்குள்ளேயே இத்தனை தீவுகளா?"

"ஆம். மக்கள் இருக்கும் தீவுகள்" என்றார் சாட்சிக் கதிரையில் இருந்த பேனாட்.

பிளோறன்ஸ் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை, கணவரைப் பற்றிச் சொன்னதை நம்புகிறேன் என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். ஆனால் கொழும்பில் ஒரு மாதம் தொல்லையில்லாமல் இருந்தவர் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருக்கலாம் என்றும் எழுதினார். தஞ்சம் கிடைக்கவில்லை. கிடைத்தது டுல்டுங்: அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்ற ஆறுமாதத் தாள்.

நீதிமன்றப் படியில் பேனாட், "என்னாலை இவ்வளவுதான் ஏலுமாயிருந்தது" என்றார்.

"என்ரை மனுசனைப் பற்றிச் சொன்னது உண்மையெண்டு ஒரு இடத்திலையாவது எழுதியிருக்குத்தானே" என்றாள் அவள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கோயிலில் கண்டால் தலையசைப்பதோடு சரி.

தொண்ணூற்றெட்டுப் பங்குனியில் ஒரு நாள், பூசை முடிந்து வெளியே வந்தவரை நிறுத்தினாள்.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை டுல்டுங் நீட்டிக்க வரச்சொல்லி டெர்மின் இருக்கு. வருவியளோ? அவை சொல்லுறது முழுக்க எனக்கு வேணும். விளங்காட்டி நிப்பாட்டிக் கேக்கோணும்."

"வாறன்" என்றார் பேனாட். செவ்வாய்க்கிழமைக்கு ஹோட்டலில் லீவு கேட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி ஒரு கேள்வியை இரண்டு தரம் சொல்ல வேண்டி வந்தது. மூன்றாம் தரமும் கேட்கச் சொல்லி பிளோறன்ஸ் கண்ணைக் காட்டினாள், பேனாட் கேட்டார். தாளை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிக் கொடுத்தார்கள்.