ஸ்பெயினுக்குப் போகக் கணவரின் கையெழுத்து

டீச்சர் கரும்பலகையில் எழுதிய முதல் ஸ்பானியக் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: 'உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார்?' தொண்ணூறுகளின் கடைசி. தம்பானூரில் ஒரு தனியார் மொழிப் பயிற்சி நிலையத்தின் மாடி வகுப்பறை. அவர் அங்கே ஸ்பானிய ஆசிரியை. நான் அவருக்கு உதவியாகப் புதிதாகச் சேர்ந்தவள். 'நான் தேய்க்கிறேன்' என்று தன்மையில் பதில் சொல்ல வேண்டும். பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து, 'அம்மா தேய்க்கிறாள்' என்று படர்க்கைக்கு நழுவினார்கள். "இன்னிக்கு ஆத்துக்குப் போய் ஒரு தட்டாவது தேய்ங்கோ. நாளைக்கு வாக்கியம் தானா வரும்" என்றார் டீச்சர்.

அந்தப் படிப்பை ஒரு மழைக்காலம் முழுவதும் கரமனையில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வடிவமைத்தோம். மேசைகூடப் பெண்பாலாக இருக்கும் மொழி ஸ்பானியம். அங்கே தொடங்கி, பெண் நீதிபதியை எந்தச் சொல்லால் அழைப்பது, ஒரே வேலைக்கு இரண்டு கூலி ஏன் என்பதுவரை ஒவ்வொரு இலக்கணப் பாடத்தையும் ஆண் பெண் சமத்துவத்தோடு கோத்தார் டீச்சர். கடைசிப் பகுதி ஸ்பெயினில். மாணவர்கள் அங்குள்ள குடும்பங்களோடு தங்கி, இதே கேள்விகளை அவர்களிடமும் கேட்க வேண்டும். "அங்கயும் யார் தேய்க்கறான்னு பார்த்துட்டு வரட்டும். வெள்ளைக்காரான்னா எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நாம ஏன் நினைச்சுக்கணும்?" என்பார்.

நிலையத்தின் இயக்குநருக்குத் திட்டம் மிகவும் பிடித்துப்போனது. விளம்பரத்தில் டீச்சரின் படத்தைப் போட்டார். பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்ததும் ஒரு புதிய விதி முளைத்தது. பெண்கள் தந்தையிடமோ கணவரிடமோ சம்மதக் கடிதம் வாங்கி வர வேண்டும். பையன்களுக்கு அது தேவையில்லை. நாங்கள் இருவரும் அவருடைய அறைக்குப் போனோம். "பெண்பிள்ளையள்னா பொறுப்பு நம்ம தலையிலாக்கும் டீச்சரே" என்றார். பிறகு, பேனாவை மூடிக்கொண்டே, மிக இயல்பாக, "டீச்சரும் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு எழுதி வாங்கிடுங்க, கேட்டோ. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார். பேச்சுக்குப் பேச்சு 'கேட்டோ', அதாவது கேட்டுக்கொண்டாயா, என்று மலையாளத்தில் சேர்ப்பது அவர் வழக்கம்.

சமத்துவம் என்ற சொல்லை அந்த ஆள் எங்கே கொண்டுபோய் வைத்தார் பாருங்கள். அவர் குரலில் கோபமில்லை, குரோதமில்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோல் கேட்டார். பல பெண்களின் வீடுகளில் அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை. பயணத்துக்கென்று தன் வளையலை விற்ற ஒரு மாணவி வகுப்புக்கு வருவதையே அவள் அண்ணன் நிறுத்திவிட்டான்.

டீச்சரின் கணவர் நல்ல மனிதர். ஒரு கையெழுத்துதானே, போட்டால் போயிற்று என்றாராம். மறுநாள் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது டீச்சர் என்னிடம் சொன்னார்: "அவர் சந்தோஷமாப் போட்டுக் குடுத்துடுவார். அதான் நேக்கு அருவருப்பா இருக்கு." டீச்சர் கடிதம் வாங்கவில்லை. அவருக்குப் பதிலாக இயக்குநரே, ஸ்பானியத்தில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாமல், பையன்களை மட்டும் அழைத்துக்கொண்டு போய்வந்தார்.

திரும்பியதும் பாராட்டுவிழா. இயக்குநர் மேடையில் பெண்ணுரிமை பற்றி நீளப் பேசினார். அவருடைய மனைவி முன்வரிசையில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். பின்வரிசையிலிருந்து டீச்சர் எழுந்தார். "சார், நீங்க போறதுக்கு மாமி சம்மதக் கடிதம் குடுத்தாளா?" என்றார். அரங்கம் முழுவதும் சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார். டீச்சர் வேடிக்கையாகப் பேசக்கூடியவர் என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மெச்சிக்கொண்டார். அடித்தால்கூடத் தாங்கியிருக்கலாம். டீச்சர் அந்தச் சிரிப்பு ஓயும்வரை நின்றுவிட்டு வெளியேறினார். மறுநாள் முதல் வரவில்லை.

அடுத்த வாரம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். படிப்பு நன்றாகப் போகிறது, இனி நானே நடத்தலாம், அடுத்த ஆண்டு ஸ்பெயினுக்கும் போகலாம் என்றார். நான் பதில் சொல்வதற்குள் கனிவோடு சேர்த்துக்கொண்டார்: "மோளுக்குக் கல்யாணம் ஆகல்லையே. அப்பாவோட கையெழுத்து போதும், கேட்டோ."

நான் கேட்டேன். எழுந்து, கதவைத் திறந்துவைத்துவிட்டு, கரமனையில் டீச்சர் வீட்டுக்குப் பேருந்து பிடிக்கப் போனேன்.