இது எந்த வருஷம்?

திருத்தங்கல் ரோட்டில் லாரி இடித்து என் மண்டை உடைந்து மூன்று வருஷமாகிறது. இன்னமும் குளித்ததை மறந்துவிட்டு மறுபடியும் போய்க் குளிக்கிறேன்.

நஷ்டஈட்டு வழக்குக்காக என்னைச் சோதித்த டாக்டர், "இது எந்த வருஷம்?" என்று கேட்டார். அடுத்த வருஷத்தைச் சொன்னேன். ஞாபகக் குறைவு என்று எழுதிக்கொண்டார். பகல் முழுக்க அடுத்த வருஷக் காலண்டருக்குப் பிழை திருத்துகிறவன் வேறெதைச் சொல்வான்?

நான் நடிக்கிறேன் என்று காட்ட, இன்சூரன்ஸ் வக்கீல் எங்கள் அச்சக போர்மேனைக் கூண்டில் ஏற்றினார்.

"எனக்கு எம்புட்டு ஞாபகம் இருக்கோ, அம்புட்டு இவருக்கும் இருக்குய்யா" என்றார் போர்மேன்.

என் வக்கீல் எழுந்து, "இது எந்த வருஷம்?" என்றார்.

போர்மேன் யோசிக்காமல் அடுத்த வருஷத்தைச் சொன்னார்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். காலையில் குளித்தேனா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.